எழுத்துமூலம் எதுவும் வரவில்லை

(பழைய மாணவர் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரை. மேடையில் பேசியதைப் பெரும்பாலும் அப்படியே எழுதித் தந்திருக்கிறேன்.)



‘கல்வி, அறிவு, அனுபவம்’ என்று ஒரு தலைப்பைச் செயலாளர் எனக்குக் கொடுத்தார். “என்னப்பா, பட்டிமன்றத் தலைப்பு மாதிரி இருக்கே, எது பெரிசுன்னு தீர்ப்புச் சொல்லணுமா?” என்று கேட்டேன். “நீ ரிட்டயர்டு இன்ஜினியர், ஏதாவது சொல்லு” என்றார். தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. இந்தத் தலைப்பில் நான் சாட்சி சொல்ல வேண்டியவன். இன்னும் சரியாகச் சொன்னால், ஒரு காலத்தில் சரியாகச் சாட்சி சொல்லாதவன். அதைத்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன்.

முதலில் நம்ம கல்லூரியிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

1971-ல் சேர்ந்து 1976-ல் வெளியே போன சிவில் பிரிவு செட் எங்களுடையது. மண் பரிசோதனைக்கூடம் நினைவிருக்கிறதா? களிமண்ணைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, கண்ணாடிப் பலகையில் நூல் மாதிரி உருட்ட வேண்டும். மூன்று மில்லிமீட்டர் கனத்துக்கு வரும்போது அது விரிசல் விட்டு உடைய வேண்டும். உடைந்த துண்டுகளை எடைபோட்டு, அடுப்பில் வைத்து, மறுநாள் திரும்ப எடைபோட்டு, ஈரம் எத்தனை சதவீதம் என்று கணக்கிட வேண்டும். பிளாஸ்டிக் லிமிட் என்று பெயர்.

நாங்கள் என்ன செய்தோம்? சீனியர் செட்டின் ரெக்கார்டு நோட்டை வாங்கி வைத்துக்கொண்டு ரீடிங்கை ‘குக்’ பண்ணினோம். சிரிக்கிறவங்க எல்லாம் பண்ணினவங்கதான்! அதே கூடத்தில் ஒரு அட்டெண்டர் இருந்தார். பள்ளிப் படிப்பைத் தாண்டாதவர். மண்ணை விரலிடுக்கில் இரண்டு தடவை உருட்டிப் பார்ப்பார். “தம்பி, இது இருபத்திரண்டு வரும்” என்பார். மறுநாள் எடைபோட்டால் இருபத்திரண்டு, மிஞ்சிப்போனால் இருபத்துமூன்று. எங்களுக்கு அது ஒரு வேடிக்கையாக இருந்தது. அந்த விரலுக்குத் தெரிந்தது என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை. அவரும் அந்த எண்ணுக்கு அர்த்தம் என்ன, அதை வைத்து ஒரு கரையை எப்படி வடிவமைப்பது என்று யாரிடமும் கேட்கவில்லை. ஐந்து வருஷம் ஒரே கூடத்தில் இருந்தோம். அவர் பாட்டுக்கு அவர், நாங்கள் பாட்டுக்கு நாங்கள்.

அந்தக் கூடத்தில் பழகிய பழக்கம் மூன்று வருஷம் கழித்து என்னோடு ஒரு கண்மாய்க் கரைக்கு வந்தது.

1979, கார்த்திகை மாதம். அப்போது பிரிக்கப்படாத ராமநாதபுரம் மாவட்டத்தில் பாசன வேலையில் நான் ஜூனியர் இன்ஜினியர். வயது இருபத்தைந்து. புது புல்லட் மோட்டார் சைக்கிள். பையில் பட்டம். தமிழ்நாட்டில் ஏறக்குறைய 39 ஆயிரம் ஏரி, கண்மாய்கள் உண்டு. அதில் சில டஜன் என் பொறுப்பில். அதில் ஒன்று, பன்னிரண்டடிக் கரையும் 140 ஏக்கர் ஆயக்கட்டும் உள்ள ஒரு சிறு கண்மாய். ஊர்ப் பெயர் வேண்டாம்.

அந்த ஊரில் மடை திறந்து வயல்களுக்கு முறைவைத்துத் தண்ணீர் விடுகிறவர் ஒருவர். அந்தப் பக்கம் நீர்ப்பாய்ச்சி என்பார்கள். வேறு பகுதிகளில் நீர்க்கட்டி என்று சொல்வதும் உண்டு. சம்பளம் கிடையாது. அறுவடையில் களத்துமேட்டில் ஏக்கருக்கு இவ்வளவு என்று நெல் அளப்பார்கள். அதுதான் அவருடைய வருஷ வருமானம். அறுபது வயதிருக்கும். கையெழுத்துப் போடத் தெரியாது. பெருவிரல்தான்.

அந்த மனிதர் ஏழு மைல் நடந்து என் ஆபீசுக்கு வந்தார். “ஐயா, வெளிக்கரை அடியில ஊத்து வருதுங்க. ரெண்டு நாளா தெளிஞ்சு வந்துச்சு, பயப்படல. இன்னிக்குக் காலையிலேர்ந்து கலங்கி வருது. களிமண்ணு வச்சு அடைச்சுப் பார்த்தோம். தள்ளி வேற எடத்துல பிச்சுக்கிட்டு வருதுங்கய்யா” என்றார்.

நான் போனேன். போகவில்லை என்று சொல்ல மாட்டேன். சாயங்காலம் நாலு மணிக்குக் கரையில் நடந்து பார்த்தேன். அடிக்கரையில் ஈரம், இரண்டு மூன்று இடத்தில் நீர் கசிகிறது. “பெரியவரே, மண் கரைன்னா கசிவு இருக்கத்தான் செய்யும். எல்லா அணையிலும் உண்டு. கண்மாய் நிறைஞ்சிருக்கு, அதான். பயப்படாதீங்க” என்றேன். நான் சொன்னது பொய்யில்லை. மண் கரை எல்லாவற்றிலும் கசிவு உண்டு என்பது புத்தகத்தில் உள்ள உண்மை. அவர் ஒரு வெண்கலச் செம்பில் அந்தத் தண்ணீரைப் பிடித்து என் முகத்துக்கு நேரே நீட்டினார். “கலர பாருங்கய்யா” என்றார். பார்த்தேன். சேற்றுத் தண்ணீராகத்தான் தெரிந்தது. மழைக்காலத்தில் எந்தத் தண்ணீர்தான் தெளிவாக இருக்கிறது என்று நினைத்தேன். வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

விடியற்காலை மூன்று மணிக்குக் கரை உடைந்தது.

மனித உயிர் போகவில்லை, அது கடவுள் புண்ணியம். ஏழு ஆடு, ஒரு கன்றுக்குட்டி. தூர் கட்டிக்கொண்டிருந்த நெற்பயிர் அத்தனையும் போய், கரையை ஒட்டிய வயல்களில் முழங்கால் உயரத்துக்கு மணல் படிந்தது.

இப்போது மாணவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். நான்காம் ஆண்டு மண்ணியல் தேர்வில் ‘பைப்பிங் என்றால் என்ன? அதன் அறிகுறிகளையும் தடுப்பு முறைகளையும் விளக்குக’ என்று பத்து மார்க் கேள்வி வந்தது. கரைக்குள் ஓடும் நீர் மண் துகளை இழுத்துக்கொண்டு வெளியேறுகிறது. வெளிவாயிலிருந்து உள்நோக்கிக் குழாய் மாதிரி ஒரு பொந்து வளர்கிறது. அது குளத்தின் தண்ணீரை எட்டும்போது கரை உடைகிறது. அறிகுறி: கசியும் நீர் கலங்கலாக வருதல். தடுப்பு: வெளிவாயை அடைக்கக் கூடாது. அடைத்தால் அழுத்தம் கூடி வேறு இடத்தில் பிய்த்துக்கொள்ளும். மேலே மணல், அதன்மேல் சல்லி, அதன்மேல் கல் என்று படிப்படியாகப் பருமன் கூடும் வடிகட்டி போட வேண்டும். நீர் போகட்டும், மண் நிற்கட்டும். படமும் வரைந்தேன். பத்துக்கு ஒன்பது வாங்கினேன்.

ஒன்பது மார்க் வாங்கின அதே கேள்வி, செம்பில் ஏந்தி முகத்துக்கு முன்னால் நீட்டப்பட்டபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. காரணம், அது இங்கிலீஷில் வரவில்லை. அச்சில் வரவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தது.

அவர் பக்கத்தையும் பாருங்கள். நோயைச் சரியாகக் கண்டுபிடித்தார். மருந்தைத் தப்பாகக் கொடுத்தார். களிமண் வைத்து அடைத்தார். வேறு இடத்தில் பிய்த்துக்கொண்டது. பரம்பரையாக அவருக்குத் தெரிந்த வைத்தியம் அதுதான். ஆக, அவரிடம் கேள்வி இருந்தது, என்னிடம் விடை இருந்தது. இரண்டும் ஒரே கரையில் நான்கு அடி தள்ளி நின்றுகொண்டிருந்தன. நடுவில் பேச்சில்லை.

இது மட்டும் என்றால் அனுபவக் குறைவு, வயசுக்கோளாறு என்று விட்டுவிடலாம். அடுத்து நடந்ததுதான் நான் இன்றைக்குச் சொல்ல வந்தது.

விசாரணை நடந்தது. மேலதிகாரி கேட்டார், “கரை பலவீனமாக இருப்பதாக முன்கூட்டி யாராவது தகவல் கொடுத்தார்களா?” நான் சொன்ன பதில்: “எழுத்துமூலம் எதுவும் வரவில்லை சார்.” அது ஃபைலில் ஏறியது. இரவில் பெய்த கனமழையால் கரை உடைந்ததாக அறிக்கை போனது.

அந்த வாக்கியத்தில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. எழுதத் தெரியாத மனிதர் எழுத்துமூலம் எப்படிச் சொல்வார்? நான் படித்த படிப்பு அன்றைக்கு எனக்குச் செய்த ஒரே உதவி, அப்படி ஒரு வாக்கியத்தைச் சமயத்தில் எடுத்துக்கொடுத்ததுதான்.

ஊருக்குள் அவர் சொல்லியிருக்கிறார், “இன்ஜினியர் ஐயாகிட்ட நடந்துபோய்ச் சொன்னேன்” என்று. அப்படி யாரும் தகவல் கொடுக்கவில்லை என்று ஆபீசில் எழுதியிருக்கிறதே என்றார்கள். ராத்திரி மடையைத் திறந்துவிடாமல் தூங்கிவிட்டான் என்று பேச்சு கிளம்பியது. அடுத்த வருஷம் வேறொருவரை நீர்ப்பாய்ச்சியாக வைத்துக்கொண்டார்கள். அவர் களத்துமேட்டுக்குப் போவது நின்றுபோனது. இது எனக்குத் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. மாற்றல் வந்தது, போய்விட்டேன்.

நண்பர்களே, சபையில் இதைச் சொல்லும்போது ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது. ஆனால் கல்வியா அனுபவமா என்ற விவாதத்தில் நாம் பேசாமல் விடுவது இதைத்தான். இரண்டும் சமமாக உட்கார்ந்து விவாதிப்பதில்லை. ஒன்றின் கையில் பேனா இருக்கிறது. மற்றதன் கையில் இல்லை.

சரி, என் கதை போகட்டும். இது எனக்கு மட்டும் நேர்ந்ததா? கொஞ்சம் வெளியே போய்ப் பார்ப்போம்.

நாங்கள் பட்டம் வாங்கிய அதே 1976-ல், ஜூன் 5-ஆம் தேதி, அமெரிக்காவில் ஐடஹோ மாநிலத்தில் டீட்டன் அணை உடைந்தது. 300 அடிக்கு மேல் உயரமான புது மண் அணை. முதல் தடவை நீர் நிரப்பும்போதே போய்விட்டது. 11 பேர் இறந்தார்கள். காலையில் கலங்கல் நீர் கசிந்ததைப் பார்த்தார்கள். பள்ளத்தை அடைக்கப் போன இரண்டு புல்டோசர்களை அந்தப் பொந்தே விழுங்கியது. மதியம் பன்னிரண்டு அடிப்பதற்கு முன்பே அணை இல்லை. உலகத்திலேயே சிறந்த படிப்புப் படித்தவர்கள் கட்டியது. கலங்கல் தண்ணீர் பட்டத்தை எல்லாம் பார்ப்பதில்லை.

இதற்கு எதிர்ப்பக்கமும் ஓர் உதாரணம் உண்டு. ஆர்தர் காட்டன். கிழக்கிந்தியக் கம்பெனியின் ராணுவப் பயிற்சிப் பள்ளியில் படித்துவிட்டு, இருபது வயதுகூட ஆகாமல் மதராசுக்கு வந்தவர். அடி தெரியாத ஆற்று மணலில் எப்படி அணை கட்டுவது என்பதற்கு அவர் படித்த படிப்பில் விடை இல்லை. விடை கல்லணையில் இருந்தது. மணலில் போட்ட பாறை அமிழும், அதன்மேல் இன்னொன்று, அதுவும் அமிழும், ஒரு கட்டத்தில் நிலைத்து நிற்கும். அந்த முறையைக் காட்டன் கவனித்தார். 1836-ல் கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணை, பிறகு 1847 முதல் 1852 வரை கோதாவரியில் தவளேசுவரம் அணை என்று கட்டினார். எல்லாவற்றையும்விடப் பெரிய காரியம் ஒன்று செய்தார். ஆழம் தெரியாத மணலில் அடித்தளம் போடும் வித்தையை இந்த நாட்டின் பழைய கட்டுநர்களிடமிருந்துதான் கற்றோம் என்று எழுத்திலேயே ஒப்புக்கொண்டார். எழுத்திலே! நான் செய்யாதது அதுதான்.

இதில் மூளையின் கூர்மை, இன்டெலிஜென்ஸ், எங்கே வருகிறது என்று கேட்பீர்கள். இதை ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள். பிரேசில் நாட்டில் ரெசிஃபே நகரத்துச் சந்தையில் தேங்காய், பழம் விற்கும் பிள்ளைகள் ஐந்து பேரை வைத்து நடந்த ஓர் ஆய்வு 1985-ல் வெளிவந்தது. ஒரு தேங்காய் 35 என்றால் பத்து எவ்வளவு? அந்தப் பையன் பள்ளிக்கூடத்து முறைப்படி பூஜ்யம் சேர்க்கவில்லை. மூன்று 105, இன்னொரு மூன்று 210 என்று கூட்டிக்கொண்டே போய் 350 என்று சரியாகச் சொன்னான். சந்தையில் இப்படி 98 சதவீதம் சரியான விடை. அதே மாதிரிக் கணக்கை வெறும் எண்களாகத் தாளில் கொடுத்தபோது 37 சதவீதம்தான்.

“பார்த்தீர்களா, அனுபவமே பெரியது” என்று கைதட்டிவிடாதீர்கள். நம் நாட்டிலேயே கொல்கத்தாவிலும் டெல்லியிலும் சந்தையில் வேலை செய்யும் 1,436 பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வு 2025-ல் வந்திருக்கிறது. அவர்களும் வியாபாரக் கணக்கில் கெட்டிக்காரர்கள். பள்ளிக்கூடத்துக் கணக்கைத் தாளில் நீட்டினால் திணறுகிறார்கள். பக்கத்துப் பள்ளிகளில் படிக்கும், வியாபாரம் அறியாத 471 பிள்ளைகளையும் சோதித்தார்கள். அவர்கள் தாளில் சுமாராகப் போடுகிறார்கள். ஆனால் வேலை செய்யும் பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சரியாகச் செய்த ஒரு சந்தைக் கணக்கை, பள்ளிப் பிள்ளைகளில் நூற்றுக்கு ஒருவர்தான் சரியாகச் செய்தார். இரண்டு பக்கத்திலும் மூளை இருக்கிறது. இந்தப் பக்கம் இருப்பது அந்தப் பக்கம் தானாகப் போய்ச் சேருவதில்லை. யாராவது பாலம் போட்டால்தான் உண்டு.

படிப்பினால் மூளை வளராது என்று யாராவது சொன்னால் அதையும் நம்பாதீர்கள். ஆறு லட்சத்துக்கு மேற்பட்டவர்களின் விவரங்களைத் தொகுத்த ஆய்வு ஒன்று 2018-ல் வந்தது. ஒரு வருஷம் கூடுதலாகப் பள்ளியில் இருந்தால் நுண்ணறிவுச் சோதனையில் ஒன்று முதல் ஐந்து புள்ளி வரை கூடுகிறது என்று கண்டார்கள். நம் மேடைகளில் காமராசர் பெயரைச் சொல்லி, “அவர் எங்கே படித்தார்?” என்று கேட்பது ஒரு வழக்கமாகிவிட்டது. அவர் சின்ன வயதிலேயே பள்ளியை விட்டவர்தான். ஆனால் 1954 முதல் 1963 வரை முதலமைச்சராக இருந்தபோது அவர் செய்தது என்ன? ஊர் ஊராகப் பள்ளிக்கூடம் திறந்தார். 1956-ல் மதிய உணவு கொண்டுவந்தார். படிப்பு வேண்டியதில்லை என்று அவருக்குத் தோன்றியிருந்தால் அப்படிச் செய்திருப்பாரா? படிப்பின் அருமை, அது கிடைக்காமல் போனவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.

இனி என் கதையை முடித்துவிடுகிறேன்.

1988-ல் பதவி உயர்வோடு அதே பகுதிக்குத் திரும்பி வந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியாக அந்த ஊருக்குப் போனேன். அவர் இருந்தார். கண்பார்வை மங்கியிருந்தது. கரையோரப் புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். குரலை வைத்தே கண்டுகொண்டார். “நல்லா இருக்கீங்களாய்யா” என்றார். நான் தரையில் உட்கார்ந்தேன். நடந்ததை எல்லாம் சொன்னேன். ஃபைலில் என்ன சொன்னேன் என்பதையும் சொன்னேன். கொஞ்சநேரம் பேசாமல் இருந்தார். “அது போகட்டுங்கய்யா. அந்த ஊத்த எப்படித்தான் நிறுத்துறது?” என்று கேட்டார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒன்பது வருஷமாக அவர் மனதில் ஓடிக்கொண்டிருந்தது அந்தக் கேள்விதான். குச்சியை எடுத்து மண்ணில் கீறிக் காட்டினேன். கண் தெரியாது என்பதால் அவர் விரலைப் பிடித்து அந்தக் கோட்டின்மேல் ஓட்டினேன். ஊற்றை அடைக்கக் கூடாது. மேலே மணல், அப்புறம் சல்லி, அப்புறம் கல். தண்ணீர் போகும், மண் போகாது. முழுவதும் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: “இத அன்னிக்கே சொல்லியிருந்தா மணல நானே கொண்டாந்திருப்பேனேய்யா. ஆத்து மணல் அரை மைல்ல கெடந்துச்சே.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இதைத் தாங்க முடியவில்லை. அவர் பெயரைக் கெடுத்தது ஒன்றுதான் என் தப்பு என்று நினைத்துக்கொண்டு போனேன். என்னிடம் இருந்த விடையை அவருக்குக் கொடுக்காதது அதைவிடப் பெரிய தப்பு என்று அங்கேதான் தெரிந்தது. அந்தப் படிப்பு, ஊர் ஜனங்கள் கட்டிய வரியில் நான் படித்தது.

மறுவாரம் ஊர்ப் பெரியவர்களுக்கு ஒரு கடிதம் எழுதினேன். கரை உடைவதற்கு முந்தின நாள் அவர் என்னிடம் நேரில் வந்து எச்சரித்தார், கேட்காதது என் குற்றம் என்று. கோயிலில் கூட்டம் கூடியபோது அதைப் படித்தார்களாம். அவருக்குப் போன வேலை அந்த வயதில் திரும்பக் கிடைத்துவிடவில்லை. பெயர் திரும்பக் கிடைத்தது. ஃபைலில் இருக்கும் வரி அப்படியேதான் இருக்கிறது.

அன்றிலிருந்து இரண்டு காரியம் செய்தேன். ஒன்று, மழைக்கு முன்னால் என் பொறுப்பில் இருந்த பெரிய கண்மாய்களின் கரையோரம் மணலும் சல்லியும் கொட்டி வைத்தேன். அது புத்தகம் சொல்லவில்லை, அவர் சொன்னது. இரண்டாவது, பையில் ஒரு நோட்டு. நீர்ப்பாய்ச்சி, மேஸ்திரி, வாட்ச்மேன் என்று யார் எது சொன்னாலும் தேதி, நேரம், பெயர், சொன்ன வார்த்தை எல்லாம் அதில் ஏறும். அவர்கள் வார்த்தையிலேயே எழுதுவேன். ‘சீப்பேஜ் அப்சர்வ்டு’ என்று மாற்றி எழுத மாட்டேன். ‘கலங்கி வருது’ என்றுதான் எழுதுவேன். படித்துக் காட்டிவிட்டுப் பெருவிரல் வாங்குவேன்.

1993 ஐப்பசியில் ஒரு ராத்திரி, வேறொரு கண்மாயிலிருந்து ஒரு பையன் சைக்கிளில் வந்தான். “தாத்தா கலங்கல்னு சொல்லச் சொன்னாரு” என்றான். ஒரே ஒரு வார்த்தை. எனக்கு அது போதுமாக இருந்தது. நாங்கள் போனபோது ஊர்க்காரர்கள் கூடைகூடையாகக் களிமண் கொண்டுவந்து அடைக்கத் தயாராக நின்றார்கள். “காலங்காலமா இப்படித்தான் செய்யறோம்” என்றார்கள். இந்தத் தடவை நான் விடவில்லை. அனுபவம் சொல்கிறது என்பதற்காகத் தலையாட்டுவதும் பணிவாகாது. நல்லவேளை, ஊற்று இன்னும் சிறியதாக இருந்தது. சுற்றிலும் மணல் மூட்டை அடுக்கினோம். உள்ளே மணல், அதன்மேல் சல்லி, அதன்மேல் கல். அந்தத் தாத்தா மட்டும் ஏன் எதற்கு என்று கேட்டுக்கொண்டே கூடை வாங்கிப் போட்டார். ஐந்து மணி நேரம். விடியும்போது அவர் குனிந்து தண்ணீரை உள்ளங்கையில் ஏந்தி, டார்ச் வெளிச்சத்தில் பார்த்தார்.

“தெளிஞ்சிருச்சு” என்றார்.

அந்த ஒரு சொல்லைவிடப் பெரிய சான்றிதழ் என் முப்பத்தைந்து வருஷ வேலையில் எனக்குக் கிடைக்கவில்லை.

மாணவச் செல்வங்களே, இன்றைக்குப் ‘பைப்பிங் என்றால் என்ன’ என்று கைபேசியில் கேட்டால் பத்து மார்க் விடை பத்து வினாடியில் வந்துவிடுகிறது. என் ஒன்பது மார்க்குக்கு இனி மதிப்புக் குறைவு. ஆனால் செம்பில் தண்ணீரோடு ஏழு மைல் நடந்து வரும் மனிதரை அடையாளம் காண்பது எந்தத் துறைக்குப் போனாலும் உங்கள் வேலைதான். டாக்டருக்கு அவர் நர்சாக வருவார். வக்கீலுக்குக் குமாஸ்தாவாக வருவார். தொழிற்சாலையில் ஃபிட்டராக வருவார். அவர் பேசும் பாஷையில் உங்கள் பாடப்புத்தகத்தின் சொல் ஒன்றுகூட இருக்காது. அந்தச் சொல் எது என்று கண்டுபிடிப்பதும், உங்களிடம் உள்ள விடையை அவர் பாஷையில் திருப்பிச் சொல்வதும் உங்கள் கடமை. ஏன் உங்கள் கடமை, அவர் கடமையில்லை? பேனா உங்கள் கையில் இருக்கிறது, அதனால்தான்.

சங்கத்துக்கு ஒரு சிறு வேண்டுகோள். கட்டட நிதி, வெள்ளிக் கேடயம் எல்லாம் நடக்கட்டும். அதோடு, கோடை விடுமுறையில் இறுதியாண்டு மாணவர்களை இருவர் இருவராகச் சுற்றுவட்டார ஏரிகளுக்கு அனுப்புங்கள். அங்கே தண்ணீர் பார்க்கிற பெரியவர்கள் கொஞ்சம் பேர்தான் மிச்சம். அவர்கள் சொல்வதைப் பெயர் போட்டு எழுதி வாங்கட்டும். சும்மா எழுதி வாங்கிவிட்டு வரக் கூடாது. அவர்கள் கேட்கிற கேள்விக்குத் தெரிந்த விடையையும் சொல்லிவிட்டு வர வேண்டும். முதல் வருஷத்துச் செலவை எங்கள் செட் ஏற்றுக்கொள்கிறது. நண்பர்களைக் கேட்காமலே சொல்லிவிட்டேன், மன்னிக்கவும்.

மண் பரிசோதனைக்கூடத்து அட்டெண்டர் இப்போது இல்லை. இன்றைக்குக் காலையில் அந்தக் கூடத்துக்குப் போய் அந்தக் கண்ணாடிப் பலகையில் கொஞ்சம் களிமண்ணை உருட்டிப் பார்த்தேன். எத்தனை சதவீதம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள ஐந்து வருஷம் இருந்தது, கேட்கவில்லை. உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. போய்க் கேளுங்கள்.